அரைக் கட்டை ஏறிய காற்று

காற்றுச் சுரங்கம் ஓடும்போது மற்றவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். மீட்டர் சார் கண்ணை மூடிக்கொள்வார்.

விமானப் பொறியியல் துறைக் கட்டடத்தின் பின்னால் உயரமான தகரக் கொட்டகை ஒன்று உண்டு. சுரங்கம் என்று அவர்கள் சொல்லும் அந்த இரும்புக் குழாய் அதற்குள் கிடந்தது. இரண்டு முனையிலும் லாரி நுழையும் அகலம். நடுவில் ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு ஒடுக்கம். முனையில் இருக்கும் விசிறி சுழன்றால் ஒடுக்கமான இடத்தில் காற்று சீறிக்கொண்டு பாயும். அங்கே சிறிய இறக்கை மாதிரிகளை நிறுத்தி, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்று அளப்பார்கள். ஓட ஆரம்பித்தால் கொட்டகையின் கண்ணாடி ஜன்னல்கள் படபடக்கும். கதவோரம் ஆணிகளில் மஞ்சள் நிறக் காது மூடிகள் தொங்கின. மாட்டிக்கொள்ளாமல் உள்ளே வரக்கூடாது என்று பலகையும் இருந்தது. பேராசிரியர் மட்டும் இத்தனை ஆண்டுகளில் அதைத் தொட்டதில்லை.

"சமையல்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டா சமைப்பான்?" என்பார்.

குழாயின் ஒடுக்கத்தில் பென்சில் கனமுள்ள எஃகுக் கம்பி ஒன்றைக் குறுக்காகப் பூட்டி வைத்திருந்தார். காற்று கடக்கும்போது அந்தக் கம்பி பாடும். வேகம் கூடக்கூட அதன் சுரமும் ஏறும். புதிதாக வந்த மாணவர்களை வரிசையாக நிறுத்தி, வேகம் காட்டும் கேஜுக்கு முதுகைக் கொடுத்து நின்று, கண்ணை மூடி, "இப்ப செகண்டுக்கு முப்பது மீட்டர்" என்பார். சுரங்கத்தை ஓட்டும் ஆபரேட்டர் கேஜை எட்டிப் பார்த்து, "முப்பதுதான் சார்" என்று தலையாட்டுவார். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மீட்டர் சார் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் தம் முதுகுக்குப் பின்னால் உலவுகிறது என்று முதன்முதலில் தெரிந்த அன்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் அது அவருடைய அப்பா வைத்த பெயர். அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருளை உருவிப்போட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பையன் ஒரு நாள் தலைநிமிராமலே, "இது நேத்து மோட்டாரைவிட மெதுவா சுத்துதுப்பா" என்றான். அப்பா அளந்து பார்த்தார். மெதுவாகத்தான் சுற்றியது. அன்றிலிருந்து வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எம் பையன் காதுல மீட்டர் இருக்கு" என்று சொல்லி ஒரு முறை சோதித்துக் காட்டாமல் மோட்டாரைக் கையில் கொடுக்க மாட்டார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் பேராசிரியர். விமானம் எப்படிப் பறக்கிறது என்று அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. காது விஷயம் மட்டும் பிடிபட்டது. மகன் டாக்டர் பட்டம் வாங்கிய அன்றுகூட, "எல்லாம் அந்தக் காது குடுத்த படிப்பு" என்றுதான் சொன்னார்.

வயலின், விடுதியில் யாரோ விட்டுப்போனது. கேட்டுக் கேட்டே வாசிக்கக் கற்றுக்கொண்டார். கவிதை கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. மனைவி, பள்ளிக்கூட நூலகர், நன்றாகப் பாடுவார். பாடுவதற்கு வார்த்தை வேண்டுமே என்று இவர் எழுத ஆரம்பித்தார். எழுதியதற்கு மெட்டும் போட்டார். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பன், இப்போது பல் டாக்டர், புல்லாங்குழலோடு சேர்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் டாக்டருடைய மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் மூவரும் கூடுவார்கள். குடியிருப்பில் வாசித்தால் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டுகிறார். இங்கே தட்ட யாருமில்லை. ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கிராம்பும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை, சுவரில் பளிச்சென்ற பற்களோடு சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். கைதட்டாத ரசிகர்கள் என்று டாக்டர் அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வார்.

சுருதி சேர்க்கப் பேராசிரியர் எந்தக் கருவியையும் கிட்டே விடமாட்டார். பாடுகிறவர்கள் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எந்தக் கட்டை என்று இவர் காற்றிலிருந்து பிடித்துக் கொடுப்பார். அதைப் பிடித்துத்தான் மற்ற இருவரும் நிற்க வேண்டும். போனிலேயே சுருதி பார்க்கலாம் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னபோது, "ஏன், நாளைக்கு போனே பாடட்டுமே, நாம ரெண்டு பேரும் போய் டீ குடிக்கலாம்" என்றார்.

கொஞ்ச காலமாக அவருக்கு வானொலிமேல் ஒரு கோபம். பழைய பாட்டுகளையெல்லாம் வேகமாக ஓட்டுகிறார்கள், அதனால் சுருதி ஏறிப்போகிறது என்பார். விளம்பரத்துக்கு நேரம் மிச்சம் பிடிக்கிறார்களாம். காரில் போகும்போதெல்லாம் இதே பேச்சு. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார். புது வயலின் தந்திகளைப் பற்றியும் ஒரு பாராட்டு வைத்திருந்தார்: விரலுக்கு மெத்தென்று இருக்கிறதாம், முன்பு மாதிரி இழுத்துக்கொண்டு நிற்பதில்லையாம். அதையும் மனைவி கேட்டுக்கொண்டார்.

அந்தக் கல்விப் பருவம் முடிந்தால் ஓய்வு. ஓய்வுபெறும் நாளில் துறை அரங்கில் அவருடைய பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு கச்சேரி. அதற்குமுன் அவர் வழிகாட்டிய கடைசி ஆராய்ச்சி மாணவிக்கு வாய்மொழித் தேர்வு. இரண்டும் முடிந்தால் மனசு நிறைந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தார்.

அந்த மாணவியும் அவரைப் போலத்தான். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் என்ற ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா இப்போதே தெரு முழுக்க மகளை டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தார். விடுமுறைக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முட்டிவலியோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள் என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். இது வேற டாக்டர் என்று விளக்கினால், "அப்ப நீ எதுக்கும்மா இத்தனை நாள் படிச்சே?" என்று கேட்கிறார்களாம்.

அவள் வடிவமைத்தது ஓர் இறக்கை. துறையில் நெடுங்காலமாக இருக்கும் பழைய இறக்கையைவிடக் காற்றின் இழுவை அதற்குப் பதினோரு விழுக்காடு குறைவு. எரிபொருள் செலவில் ஒன்று இரண்டு குறைந்தாலே கொண்டாடுகிற துறையில் பதினொன்று என்பது சாதாரணம் இல்லை. அந்தப் பதினொன்றை நம்பித்தான் அவளுடைய பட்டமும், பட்டம் கையில் இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று தொலைதூர நகரத்து ஆய்வுக்கூடம் எடுத்துவைத்திருந்த இடமும் நின்றன.

ஆனால் அந்தப் பதினொன்று பிறந்த கதை ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுரங்கத்துக்குப் புதுக் கேஜ் வாங்கிப் பொருத்தினார்கள். அவள் முதல் நாள் ஓட்டியபோது பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டார், நெற்றி சுருங்கியது. கேஜ் முப்பது என்றது. கம்பியோ முப்பதுக்கு அரைக் கட்டை மேலே பாடியது. காற்று உண்மையில் வேகமாகப் போகிறது, கேஜ் குறைத்துக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டார். அவள் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பழைய முறையிலும் அளந்தாள். தண்ணீரும் கேஜும் ஒன்றையே சொல்லின. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: இரண்டும் காற்றை எடுப்பது சுவரில் இருக்கும் அதே ஒரு துளையிலிருந்து, துளை சரியில்லை என்றால் இரண்டும் ஒரே பொய்யைச் சொல்லும். கெட்டிக்காரப் பதில். அவளால் மறுக்க முடியவில்லை. வேண்டுமானால் மைக் வைத்துக் கம்பியின் சத்தத்தை அளந்து பார்த்துவிடலாமா என்று மெல்லக் கேட்டாள். ஆபரேட்டர் அவளைப் பார்த்த பார்வையில், கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரி அவள் சுருங்கிப்போனாள். பேராசிரியர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"மைக்கை யாரு சரிபார்க்கிறது? அதையும் நான்தானே பார்க்கணும்?" என்றார்.

அதற்குப் பிறகு கேஜ் சொன்ன வேகத்தையெல்லாம் அவர் காது சொன்ன கணக்குக்குத் திருத்தி எழுதினார்கள். ஆய்வேட்டில் அது 'கம்பியோசை முறை' என்று கௌரவமாக இடம்பெற்றது. பழைய இறக்கையை யாரும் மறுபடி அளக்கவில்லை. அது எப்போதோ அவரே அளந்து எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவருடைய கவிதை ஒன்றையும் அவள் போட்டிருந்தாள். போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. போடலாமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

*அளவுகோல் மறந்துபோகும்,*
*முள் உறைந்துபோகும்;*
*கேட்டுக்கொண்டிருக்கும் காது மட்டும்*
*காற்றுக்குக் கணக்குச் சொல்லும்.*

தேர்வுக்கு முந்திய ஞாயிறு. மூவரும் மருத்துவமனையில் கூடினார்கள். டாக்டர் உறையிலிருந்து குழலை எடுத்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தலையிலிருந்து துளைகள் வரைக்கும் மயிரிழை விரிசல். குளிர்சாதனக் காற்றில் மூங்கில் காய்ந்து வெடித்திருந்தது. டாக்டர் பேராசிரியரின் மனைவியைப் பார்த்தார். அவரும் டாக்டரைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் நடத்துங்க. நான் தாளம் போடறேன்" என்றார் டாக்டர்.

கச்சேரிக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது தாளமா என்று பேராசிரியர் எழுந்தார். நான் கொடுத்த குழல் எங்கே என்று கேட்டுக்கொண்டே, பல் அச்சுகள் கிடந்த இழுப்பறையைத் தாமே திறந்து, துணி சுற்றிய அந்தப் பழைய குழலைக் கண்டெடுத்தார். டாக்டரின் கல்யாணத்துக்கு அவரே செய்து கொடுத்தது. எந்தச் சுரத்துக்கு எவ்வளவு நீளம் என்று தாளில் கணக்குப்போட்டு, ஆய்வகத்தில் அளந்து அறுத்து, காய்ச்சிய கம்பியால் ஒவ்வொரு துளையாகச் சுட்டது. டாக்டர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு உதட்டைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், குழலைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லாமல் போகவே ஊதினார்.

பேராசிரியரின் வயலின் வில் பாதியில் நின்றது.

"என்னடா இது, மேல நிக்குது?"

"ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சுல்ல. காஞ்சிருக்கும்."

காய்ந்தால் மூங்கில் விரியும், வெடிக்கும். அரைக் கட்டை ஏறாது. குழலின் சுரம் அதன் நீளத்தில் இருக்கிறது. வரவேற்பு மேசையிலிருந்து அடிக்கோலை எடுத்து வந்து அளந்தார். அவர் அறுத்த நீளம் அப்படியே இருந்தது. அறை சூடாக இருந்தாலும் சுரம் ஏறும் என்று மனம் ஒரு கிளையைப் பிடித்தது. உடனே கணக்கும் வந்து நின்றது. அரைக் கட்டை ஏற வேண்டுமானால் அறை முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சுட்டிருக்க வேண்டும். மூவரும் அவிந்திருப்பார்கள்.

"விடுங்களேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மனைவி.

அந்த 'விடுங்களேன்' அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டாக்டரிடம் போனைக் கேட்டார். சுருதி பார்க்கிற அந்தச் சமாச்சாரத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, குழலை ஒரு முறை ஊதச் சொன்னார். சரியென்று போன் பச்சை காட்டியது. வயலினை மீட்டினார். அரைக் கட்டை கீழே என்று காட்டியது. இன்னொரு தடவை மீட்டினார். அவர் காதுக்கு அது தப்பே இல்லாமல், வாழ்நாள் முழுக்கக் கேட்டுவந்த அதே சுரமாகத்தான் கேட்டது.

"எப்பலேருந்து?"

"மூணு வருஷம் இருக்கும்" என்றார் டாக்டர். "கொஞ்சம் கொஞ்சமா கீழ எறக்கிட்டே வந்தே. மொதல்ல உதட்டைத் திருப்பிச் சமாளிச்சேன். அப்புறம் முடியல. நீளக் குழல் ஒண்ணு வாங்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"எப்படிச் சொல்றது? நான் பல்லைத்தான் புடுங்குவேன் வாத்தியாரே. காதைப் புடுங்கிக் கையில குடுக்கறது எங்கிட்ட இல்ல."

மனைவி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தமக்கும் குரல் முன்பு மாதிரி மேலே போவதில்லை, கீழே பாடுவது சௌகரியமாக இருந்தது, அதனால் பேசாமல் இருந்துவிட்டதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். வானொலிப் பேச்சு வரும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வருமாம். கார் வீட்டு வாசலுக்கு வந்துவிடுமாம்.

பேராசிரியர் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சிரிக்கிற குடும்பத்தின் படத்துக்குக் கீழே நின்றபடி உதடு அசையக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அரைக் கட்டை என்றால் வேகத்தில் ஆறு விழுக்காடு. அளந்த இழுவையை வேகத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். அப்படியானால்...

"பதினொண்ணு" என்றார்.

"மணி நாலாச்சுங்க" என்றார் மனைவி, பயந்துபோய்.

மறுநாள் காலை ஆபரேட்டர் வந்ததும் சுரங்கத்தை ஓட்டச் சொன்னார். இன்னொரு துறையிலிருந்து இரவல் வாங்கி வந்த மைக்கைத் தாங்கியில் நிறுத்தினார். ஐந்து நிமிட வேலை. கம்பி பாடிய சுரம் கேஜ் சொன்ன முப்பதோடு அச்சாகப் பொருந்தியது. சுவர்த் துளையில் ஒரு குறையும் இல்லை. அவருடைய காதில் மட்டும் கம்பி அப்போதும் அரைக் கட்டை மேலே நின்று பாடியது. தப்பு என்று தெரிந்த பிறகும் அது இறங்கி வரவில்லை.

மாணவி தேர்வுக்கான படங்களைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். தாங்கியில் மைக்கைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன சார், மைக்கு?"

அவர் சொன்னார். நடந்ததை நடந்த வரிசையில், வகுப்பெடுக்கிற குரலில் சொன்னார்; வேறு குரல் வரவில்லை. அவள் சுரங்கத்தின் இரும்புப் படியில் உட்கார்ந்துகொண்டாள். படச்சுருள் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"பதினொண்ணும் போச்சா சார்?"

"மொத்தமும்மா. பழைய இறக்கையும் உன்னோடதும் ஒண்ணுதான்."

அவள் காலணி நுனியால் படச்சுருளைத் தள்ளினாள்.

"அன்னைக்கே நான் மைக் வைக்கலாம்னு கேட்டேன்ல."

"கேட்டே."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுல தெரியும். அப்புறம் பல் டாக்டருக்கு."

"பல் டாக்டருக்கா" என்று அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. ஆபரேட்டர் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

துறைத்தலைவர் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டு, இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். ஓய்வுபெறப் போகிற நேரத்தில் சாருக்கு எதற்கு இந்தத் தலைவலி என்றார்.

"பதினொண்ணை அஞ்சா குறைச்சிடுவோம் சார். 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. எல்லா ஆய்வேட்டுலயும் அந்த வரி இருக்கு."

"அஞ்சும் இல்லப்பா. ஒண்ணுமே இல்ல."

"அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க."

அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் அவள் டாக்டர். நாளைக்கு எங்கோ ஒருவன் அந்த இறக்கையை அளந்து பார்த்துவிட்டால் அவள் திருடி. வாயைத் திறந்தால் இப்போதே ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அவளுக்கே அடி. இவருக்கு எந்தப் பக்கமும் சேதாரம் பெரிதாக இல்லை, ஓய்வூதியம் வந்துவிடும் என்பதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முடிவை அவளிடமே விட்டார். அவள் யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் வந்து, நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் எழுதினால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும் என்றாள். எழுதிக் கொடுத்தார். தப்பு முழுவதும் தம்முடையது, மாணவி மைக் வைக்கக் கேட்டும் தாம் விடவில்லை என்று கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். கவிதை எழுதுகிற கை ஓர் உவமைகூட இல்லாமல் எழுதிய முதல் எழுத்து அது.

எழுதிக் கொடுத்துவிட்டால் பாரம் இறங்கும் என்று எங்கோ ஒரு நம்பிக்கை இருந்தது போலும். இறங்கவில்லை. தேர்வுக் குழு கூடியது, அவருடைய நேர்மையைப் பாராட்டி ஒரு வாக்கியம் எழுதியது, அடுத்த வாக்கியத்தில் ஆய்வேட்டைத் திருப்பியது. வேண்டுமானால் மாணவி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். சுரங்கத்தையோ அடுத்த மாதம் பழுதுபார்க்கப் பூட்டுகிறார்கள், திறக்க ஓர் ஆண்டாகும். தொலைதூர ஆய்வுக்கூடம் அதுவரை காத்திருக்க முடியாது என்று அன்பாகவே பதில் எழுதியது.

காது மருத்துவர் ஹெட்போனை மாட்டிப் பலவகைச் சத்தங்களை அனுப்பிப் பார்த்தார். காது நன்றாகவே கேட்கிறது, மேலே தள்ளிக் கேட்கிறது, அவ்வளவுதான். வயதானால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். சாதாரண ஆளாக இருந்தால் கடைசிவரை தெரிந்தே இருக்காதாம். மருந்து இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இதற்கு எதுவும் இல்லையா என்று மனைவி கேட்டார். மருத்துவர் அதை ஒரு நல்ல கேள்வியாகக் கருதி யோசித்தார்; பிறகு இல்லை என்றார்.

கச்சேரி நடக்கவில்லை. டாக்டர் விரிசல் கண்ட குழலைப் பசை போட்டு நூல் சுற்றி எடுத்து வந்தார். கீழ்ச் சுருதியிலேயே வாசிப்போம், நம்மைத் தவிர யாருக்குத் தெரியப் போகிறது என்றார். வாசித்தார்கள். பேராசிரியரின் காதுக்கு எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. ஆனால் வாசிக்க வாசிக்க, எங்கே தமக்காக வளைகிறார்கள் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போனைப் பார்த்துச் சரியான உயரத்துக்குத் தந்தியை முறுக்கியும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். தாமே எழுதி, தாமே மெட்டுப் போட்ட பாட்டு, யாரோ அண்டை வீட்டுக்காரன் பாடுகிற மாதிரி கேட்டது. நடுச் சரணத்தில் வயலினைப் பெட்டியில் வைத்தார். அடுத்த ஞாயிறு, யார் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமலே, மூவரும் கூடவில்லை.

சுரங்கத்தைப் பூட்டுவதற்கு முந்தின நாள் மாணவி வந்தாள். பழைய இறக்கையையும் தன் இறக்கையையும் ஒரே நாளில், ஒரே கேஜில், பக்கத்துப் பக்கமாக ஒரு தடவை அளந்துவிட வேண்டும் என்றாள். எதற்காக என்று பேராசிரியர் கேட்கவில்லை. அவள் கதவோரம் மஞ்சள் மூடி ஒன்றை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டை இறுக்கமாக இருந்தது. விசிறி சுழன்றது, சத்தம் எங்கோ பத்து வீடு தள்ளிப் போய்விட்டது. பாதத்தின் கீழே தரை மட்டும் அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். ஒன்றும் வரவில்லை, திறந்துகொண்டார்.

ஆபரேட்டர் முன்பெல்லாம் இவர் தலையாட்டிய பிறகுதான் எண்ணைக் குறிப்பார். இப்போது கேஜைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். விசிறியை நிறுத்திப் பழைய இறக்கையை இறக்கி, அவளுடையதை ஏற்றி மறுபடி ஓட்டினார்கள். அவள் உதடு அசைவதிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. முன்னதுக்கும் பின்னதுக்கும் முடி அளவு வித்தியாசம் இல்லை. விசிறி நின்று இருவரும் மூடிகளைக் கழற்றிய பிறகு அவள் இறக்கையின் முதுகை ஒரு முறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

பம்ப் மோட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அளக்கிற வேலை. எதனால் அளப்பார்கள் என்று பேராசிரியர் கேட்டுவைத்தார்.

"மீட்டராலதான் சார்."

"அது நல்லது."

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். முட்டிவலிக்காரங்ககிட்டதான் இன்னும் சொல்லல."

அவர் சிரிக்க முயன்றார். ஆய்வேட்டின் தன் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போவதாகச் சொன்னாள், முதல் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். சரிம்மா என்றார். கொட்டகைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, போய்ட்டு வரேன் சார் என்று வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிட்டுப் போனாள். படியில் இறங்கும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை.

ஆபரேட்டர் மூடிகளை ஆணியில் மாட்டினார். குழாயிலிருந்த தூசி போக விசிறியை இன்னொரு தடவை ஓட்டினார். நிறுத்துமுன் அவருக்கு என்ன தோன்றியதோ, நெடுநாள் பழக்கம், பிரியத்தோடுதான் கேட்டார்.

"கடைசியா ஒரு தடவை சொல்லுங்க சார். இப்ப எவ்வளவு ஓடுது?"

"கேஜைப் பாருங்க."

"கேஜைக் கழட்டிட்டேனே சார்."

பேராசிரியர் கம்பி இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபரேட்டர் கொஞ்சம் நின்றுவிட்டு விசையை அணைத்தார். அவ்வளவு பெரிய விசிறி உடனே நிற்காது; தானாக ஓய்ந்து ஓய்ந்துதான் நிற்கும். குழாய்க்குள் கம்பி, மேலிருந்து ஒவ்வொரு சுரமாக இறங்கிக்கொண்டே வந்தது. வெறும் காதோடு நின்று அவர் கடைசிவரை கேட்டார். அது எந்தச் சுரத்தைத் தாண்டியபோதும் காதை நம்பி இன்னது என்று அவரால் சொல்ல முடியவில்லை.